பத்திரத்தில் எழுதிய தீண்டாமை

நம்ம ஊரில் சேரி எங்கே முடிகிறது, ஊர்த்தெரு எங்கே தொடங்குகிறது என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. எழுத வேண்டிய தேவையே இல்லை. வாய்க்கால், களத்துமேடு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் சேர்ந்து அதைச் சொல்லிவிடும். பத்திரம் எழுதுகிற ஆளுக்கும் தெரியும், வாங்க வருகிறவனுக்கும் தெரியும். அமெரிக்காவில் இதை எழுதியே வைத்தார்கள். வீட்டுக் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை, அடிக்கணக்கு, விலை எல்லாம் எழுதிவிட்டு, அதே மையில் இன்னொரு ஷரத்தும் சேர்த்தார்கள்: இந்த இடத்தை நீக்ரோ இனத்தார் எவருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, அவர்கள் இதில் குடியிருக்கவும் கூடாது. பல பத்திரங்களில் இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. வீட்டு வேலைக்காரராக இருந்தால் தங்கிக்கொள்ளலாம். சமைக்கலாம், பிள்ளைக்குக் கால் கழுவி விடலாம், கார் ஓட்டலாம். வீட்டுச் சாவி மட்டும் சொந்தமாகிவிடக் கூடாது.

எழுதி வைத்ததில் ஒரு சங்கதி இருக்கிறது. எழுதியதைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியும். கறுப்பர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்றிரண்டு வருஷமல்ல, அறுபது எழுபது வருஷம். இந்த வழக்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெற்றிக் கதையாகத்தான் எழுதுகிறார்கள். 1917ல் ஒரு வெற்றி, 1948ல் ஒரு வெற்றி, 1968ல் ஒரு வெற்றி. தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறபோது எனக்கு வேறொரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. கறுப்பர் ஜெயித்தபோது கோர்ட்டு யாருடைய உரிமையைப் பார்த்து ஜெயிக்க வைத்தது? அவமானப்பட்ட மனிதனையா, சொத்து வைத்திருந்தவனையா?

பால்டிமோரிலிருந்து தொடங்கலாம். 1910ல் ஹாக்கின்ஸ் என்கிற கறுப்பு வழக்கறிஞர் அங்கே மெக்கல்லோ தெருவில் ஒரு வீடு வாங்கினார். அவரோடு சேர்ந்து தொழில் நடத்திய மெக்மெக்கன் அந்த வீட்டில் குடியேறினார். மெக்மெக்கன் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். தெருவிலிருந்த மற்றவர்கள் வெள்ளையர். 'படிச்சு முன்னேறு, தானா மதிப்பான்' என்று நம்மிடம் உபதேசம் செய்வார்களே, அந்த வேதாந்தம் அங்கே பலிக்கவில்லை. படித்தவன் வந்ததுதான் அவர்களுக்கு ஆத்திரம். அந்த டிசம்பரில் நகராட்சி ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் அதிகமாக இருக்கிற தெருப்பகுதிக்குக் கறுப்பர் குடிபோகக் கூடாது. கறுப்பர் அதிகமாக இருக்கிற பகுதிக்கு வெள்ளையரும் குடிபோகக் கூடாது. பாருங்கள், எவ்வளவு சமத்துவம்! ரிச்மண்ட், அட்லாண்டா என்று தெற்கத்தி நகரங்கள் ஒவ்வொன்றாக இதைப் பார்த்து எழுதிக்கொண்டன. 1914 மே மாதம் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரமும் எழுதியது. இரு இனங்களுக்கிடையே மோதலையும் மனக்கசப்பையும் தடுப்பதற்காக இந்தச் சட்டம் என்று தலைப்பிலேயே காரணம் சொல்லியிருந்தார்கள். சட்டம் ஒழுங்கு என்ற பேரில் நமக்குத் தடை போடுகிறபோது சொல்கிற அதே காரணம்.

லூயிவில் வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதைத் திட்டம் போட்டு நடத்தியவர்கள் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தார். 1909ல் தொடங்கிய சங்கம். அதை நிறுவியவர்களில் டூபாய்ஸ் ஒருவர். லூயிவில் கிளையின் தலைவர் வில்லியம் வார்லி, கறுப்பர். அவர் புக்கானன் என்கிற வெள்ளைக்கார வீட்டு புரோக்கரிடம் ஒரு மனைக்கட்டு வாங்க ஒப்பந்தம் போட்டார். அந்தப் பகுதியில் பத்து வீடுகள். எட்டில் வெள்ளையர், இரண்டில் கறுப்பர். ஒப்பந்தத்தில் வார்லி ஒரு நிபந்தனை எழுதினார்: இங்கே வீடு கட்டி நான் குடியிருக்கப் போகிறேன், மாநிலச் சட்டமும் நகரச் சட்டமும் என்னைக் குடியிருக்க விட்டால்தான் கிரயம் செய்துகொள்வேன். பிறகு, சட்டம் என்னை விடவில்லை, ஆகவே பணம் தர முடியாது என்று ஒதுங்கிக்கொண்டார். உடனே புக்கானன் கோர்ட்டுக்குப் போனார்: இந்த ஆளை என் மனையை வாங்கச் சொல்லுங்கள்!

ஆக, வாதி வெள்ளைக்காரர், தெருப்பிரிவினைச் சட்டம் செல்லாது என்கிறார். பிரதிவாதி கறுப்பர், அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் தப்பிக்கப் பார்க்கிறார். நகராட்சி வக்கீல்கள் கறுப்பருக்காக வாதாட வேண்டியதாயிற்று. கறுப்பர் சங்கத்தின் தலைவராயிருந்த மூர்ஃபீல்டு ஸ்டோரி என்கிற பெரிய வக்கீல் வெள்ளைக்கார புரோக்கருக்காக வாதாடினார். தெருக்கூத்தில் வேஷம் மாற்றிக் கட்டியது மாதிரி. நீதிபதி ஹோம்ஸுக்கு இது ஜோடித்த வழக்கு என்று சந்தேகம் வந்து மாற்றுத் தீர்ப்பு ஒன்றை எழுதியும் வைத்தார். ஆனால் அதை வெளியிடவில்லை.

ஏன் இந்தச் சுற்றுவழி? நேரே போனால் கதவு அடைத்திருந்தது. 1896லேயே பிளெஸ்ஸி வழக்கில், பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 'எங்களை இழிவுபடுத்துகிறார்கள்' என்று போனால், வெள்ளையருக்கும்தானே தடை, இதில் இழிவு எங்கே வந்தது என்று கேட்பார்கள். ஆனால் 'என் மனையை என் இஷ்டப்பட்ட ஆளுக்கு விற்க முடியவில்லை' என்று ஒரு வெள்ளைக்காரன் வந்து நின்றால்? அது கோர்ட்டுக்குப் புரிகிற பாஷை. 1917 நவம்பர் 5ந் தேதி எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் லூயிவில் சட்டத்தை அடித்துப் போட்டார்கள். சொத்து என்றால் வெறும் மண் மட்டுமல்ல, அதை வாங்க, அனுபவிக்க, விற்க இருக்கிற உரிமையும் சேர்ந்ததுதான் சொத்து. அதை நகராட்சி பறிக்க முடியாது. வார்லி வழக்கில் தோற்றார். தோற்றதால் ஜெயித்தார்.

இதைச் சின்ன வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்கமே கோடு கிழித்து, இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று ஊரைப் பிரிப்பதை அது தடுத்தது. தென்னாப்பிரிக்காவில் பிறகு சட்டமாகவே வந்த பிரிவினையை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு தெரியும். ஆனால் ஜெயித்த வழி விற்பவனின் வழி. அந்த வழியின் மறுமுனை ஒன்பதே வருஷத்தில் கறுப்பர் கழுத்துக்கு வந்தது.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சட்டம் செத்த பிறகு வெடிகுண்டு வந்தது. சிகாகோவில் 1917 ஜூலை முதல் 1921 மார்ச் வரை கறுப்பர் வீடுகள் மீதும், அவர்களுக்கு வீடு விற்றவர்கள் மீதும் வீசப்பட்ட குண்டுகள் 58 என்று, இனக்கலவரத்தை விசாரித்த சிகாகோ கமிஷன் கணக்கெடுத்தது. டெட்ராய்ட்டில் 1925 செப்டம்பரில் ஆசியன் ஸ்வீட் என்கிற கறுப்பு டாக்டர் கார்லண்ட் அவென்யூவில் 18,500 டாலருக்கு வாங்கிய வீட்டுக்குக் குடிபோனார். மறுநாள் ராத்திரி பெருங்கூட்டம் கூடிக் கல் வீசியது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே ஒரு வெள்ளைக்காரன் செத்தான். உள்ளே இருந்த பதினோரு பேர் மீதும் கொலை வழக்கு, டாக்டரின் மனைவி கிளாடிஸ் உட்பட. கல்லெறிந்தவர்கள் மீது வழக்கில்லை. இந்தப் பகுதியை வாசிக்கிறபோது எந்த ஊர் என்று நமக்கே குழப்பம் வரும். வித்தியாசம் என்னவென்றால், கிளாரன்ஸ் டாரோ மாதிரி ஒரு வக்கீல் அவர்களுக்காக வாதாட வந்தார். பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரர்கள் 1926 மே மாதம் டாக்டரின் தம்பி ஹென்ரியை விடுவித்தார்கள். மற்றவர்கள் மீதிருந்த வழக்கும் பிறகு கைவிடப்பட்டது. ஆனால் ஸ்வீட்டின் குழந்தையும் மனைவியும் காசநோயில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் 1960ல் தன்னையே சுட்டுக்கொண்டு செத்தார். அந்த வழக்கை விசாரித்த ஜட்ஜின் பெயர் ஃப்ராங்க் மர்ஃபி. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

ஹென்ரி விடுதலையான அதே மே மாதம், 24ந் தேதி, வாஷிங்டன் நகரத்து வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 1921ல் அங்கே ஒரு தெருவைச் சேர்ந்த 30 வெள்ளைக்கார உடைமையாளர்கள் கூடி, 21 வருஷத்துக்குக் கறுப்பருக்கு விற்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்தார்கள். கையெழுத்துப் போட்ட கோரிகன் என்கிற பெண்மணியே அடுத்த வருஷம் ஒரு கறுப்புப் பெண்ணுக்கு வீட்டை விற்க ஒப்புக்கொண்டார். பக்கத்து வீட்டு பக்லி தடை கேட்டு வழக்குப் போட்டார். சுப்ரீம் கோர்ட் சொன்னது: அரசாங்கம் செய்தால்தான் அரசியல் சட்டம் குறுக்கே வரும், தனி மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எங்களுக்கு வேலையில்லை. மேல்முறையீடு தள்ளுபடி.

இப்போது கவனியுங்கள். 1917ல் வெள்ளைக்காரனுக்கு விற்க உரிமை உண்டு என்றார்கள். 1926ல் அதே வெள்ளைக்காரனுக்கு, விற்பதில்லை என்று கூடிப் பேசி எழுதிக்கொள்ளவும் உரிமை உண்டு என்று ஆகிவிட்டது. இரண்டும் சொத்துரிமைதான். கறுப்பர் இரண்டு இடத்திலும் பொருள் மாதிரிதான் கிடக்கிறார். நம்மூர் பதிவாபீஸ் பாஷையில் சொன்னால், கறுப்பர் ஒரு வில்லங்கம்.

1926 என்றதும் இங்கே நம்ம தேசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே வருஷம் அகமதாபாத்தில் ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் பதிவாயிற்று. உறுப்பினர் பார்சியாக இருக்க வேண்டும் என்பது துணைவிதி. பல வருஷம் கழித்து உறுப்பினர் ஒருவர் தன் இடத்தை வெளி ஆளுக்கு விற்கப் பார்த்ததில் வழக்கு வந்தது. 2005ல் நம் சுப்ரீம் கோர்ட் அந்தத் துணைவிதி செல்லும் என்றது. சங்கம் சேரும் சுதந்திரம், உறுப்பினர்கள் தாமாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு, அரசு அல்லாத அமைப்பு மீது அடிப்படை உரிமை பாயாது என்று காரணங்கள். பார்சிகள் சிறு கூட்டம், தங்களைக் காத்துக்கொள்ளச் செய்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பு ஒரு சங்கத்தோடு நிற்காது; நாளைக்கு எந்த ஆதிக்கச் சாதிக் கூட்டுறவுச் சங்கமும் அதைக் கையில் எடுக்கலாம். கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை படித்துவிட்டு வந்த அம்பேத்கரை பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து கம்போடு வந்து விரட்டிய கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தப் படியேறலும் இறங்கலும் ஏதோ பழைய காலத்து விஷயமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

கோரிகன் வழக்குக்குப் பிறகு தடை ஷரத்து தொற்றுநோய் மாதிரிப் பரவியது. வீட்டு புரோக்கர்களின் தேசியச் சங்கம் 1924லேயே தன் ஒழுக்க விதிகளில் ஒன்றைச் சேர்த்திருந்தது: எந்த இனத்தார் வந்தால் அக்கம்பக்கத்துச் சொத்து மதிப்புக் குறையுமோ அவர்களைக் கொண்டுவந்து குடிவைக்க புரோக்கர் காரணமாக இருக்கக் கூடாது. ஒழுக்க விதி! அதற்குமேல் அரசாங்கமே வந்து சேர்ந்தது. 1934ல் அமைந்த கூட்டரசு வீட்டு நிர்வாகம், வீட்டுக்கடனுக்குக் காப்பீடு தரும் அலுவலகம், தன் கையேட்டில் இனத்தடை ஷரத்துகளைச் சிபாரிசு செய்தது. கறுப்பர் பக்கத்தில் இருந்தால் கடன் ஆபத்து என்று கணக்குப் போட்டார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு முப்பது வருஷத் தவணையில் சொந்த வீடு. கறுப்பருக்கு ஒண்டுக்குடித்தனத்தில் வாரவாடகை. அமெரிக்காவில் ஒரு குடும்பம் பிள்ளைகளுக்கு விட்டுப்போகிற சொத்து பெரும்பாலும் வீடுதான். அதில் கைவைத்தால் மூன்று தலைமுறைக்குக் கைவைத்த மாதிரி.

சிகாகோவில் கார்ல் ஹான்ஸ்பெரி 1937ல் இப்படித் தடை போட்ட ஒரு பகுதியில் வீடு வாங்கினார். கூட்டம் கல்லெறிந்தது. அவருடைய மகள் லொரெய்ன் மயிரிழையில் தப்பினாள். பின்னால் 1959ல் பிராட்வே மேடைக்கு வந்த 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தை எழுதியவர் அவர்தான். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1940ல் ஜெயித்தது. எதனால் தெரியுமா? தெரு முகப்பில் 95 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதியிருந்தார்கள். போட்டதோ 54 சதவீதத்துக்குத்தான். முந்தைய ஒரு வழக்கில் 95 இருந்ததாகப் பொய்யாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கு ஹான்ஸ்பெரியைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ட்டு விட்டது. ஷரத்து சரியா தப்பா என்று ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துக் கணக்கில் தப்பித்த மனிதர் அந்த நாட்டையே விட்டு மெக்சிகோவுக்குக் குடிபோக நினைத்து, 1946ல் அங்கேயே இறந்துபோனார்.

இனி ஷெல்லி குடும்பம். மிசிசிப்பியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஆறு பிள்ளைகள். சென்ட் லூயிஸ் நகரில் லபாடி அவென்யூவில் 1945ல் ஒரு வீடு வாங்கினார்கள். 1911லேயே அந்தப் பகுதியில் 39 உடைமையாளர்களில் 30 பேர் ஐம்பது வருஷத்துக்கு நீக்ரோவுக்கும் மங்கோலிய இனத்தாருக்கும் இடமில்லை என்று எழுதி வைத்திருந்தது வாங்குகிறபோது அவர்களுக்குத் தெரியாது. க்ரேமர் என்கிற தம்பதியர் பேரில் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். வழக்குச் செலவுக்குக் கறுப்பு வீட்டு புரோக்கர்கள் ஒரு சங்கம் அமைத்துப் பணம் திரட்டினார்கள். வாதாடியவர் ஜார்ஜ் வான், அடிமையாக இருந்தவரின் மகன். இந்த வீட்டைக் கட்டியதில் எனக்கும் பங்குண்டு, உள்ளே விட்டு நெருப்போரம் உட்காரவிடு என்று அமெரிக்காவின் கதவைத் தட்டுகிறான் கறுப்பன் என்ற பொருளில் அவர் சுப்ரீம் கோர்ட்டில் பேசியதாகச் சொல்வார்கள்.

டெட்ராய்ட்டிலிருந்து வந்த வழக்கை தர்குட் மார்ஷலும் லோரன் மில்லரும் எடுத்தார்கள். வாஷிங்டன் வழக்கை சார்லஸ் ஹூஸ்டன் எடுத்தார். ஹூஸ்டன்தான் மார்ஷலுக்குச் சட்டக் கல்லூரி ஆசான். இந்த வழக்குகளின் சாட்சியங்களில் ஒரு வேடிக்கை உண்டு. யார் கறுப்பர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் வெள்ளைக்காரச் சாட்சிகள் திணறுகிறார்கள். டெட்ராய்ட்டில் ஒருவர், அந்த ஆள் என்னைவிட இன்னும் கறுப்பாகத் தெரிகிறார், கண்ணைப் பார்க்கிற அளவுக்குப் பக்கத்தில் போனதில்லை என்கிறார். வாஷிங்டனில் ஹர்ட் என்கிறவர் நான் நீக்ரோ இல்லை, மொஹாக் இந்தியன் என்று வாதிட்டார். ஐம்பது வருஷத்துக்குச் செல்லும்படி பத்திரத்தில் எழுதிய இனம், கூண்டில் ஏறினால் கண்ணுக்குச் சிக்கவில்லை. சாதியும் அப்படித்தான். 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1948 மே 3ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒன்பது பேரில் மூன்று பேர் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அவர்கள் வீடுகளின் பத்திரத்திலும் அதே ஷரத்து இருந்திருக்கும் என்று அன்றே பேச்சு. மிச்சம் ஆறு பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் ஃப்ராங்க் மர்ஃபி.

தீர்ப்பின் நூல் இது: தனி மனிதர்கள் இப்படி எழுதிக்கொள்வது சட்டவிரோதமல்ல. தாமாக அதைக் கடைப்பிடித்தால் யாரும் தடுக்க முடியாது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் சம்மதித்து முடித்த கிரயத்தை உடைக்க ஒரு கோர்ட்டு உத்தரவு போட்டால், அது அரசாங்கத்தின் செயல். அமீனாவும் போலீசும் வந்து ஷெல்லியை வெளியே தள்ளினால் தள்ளுவது மாநிலம். அதை அரசியல் சட்டம் ஒத்துக்கொள்ளாது. கெட்டிக்காரத்தனமான நூல்தான். தீண்டாமையைச் செய்யலாம், அதற்கு எங்களை அடியாளாகக் கூப்பிடாதே என்று கோர்ட்டு கையைக் கழுவிக்கொண்டது. ஆனால் அடியாள் இல்லாமல் அந்த ஷரத்து நிற்க முடியாது என்பதால்தான் அது விழுந்தது. சாதி அதிகாரமும் தன் பலத்தில் மட்டும் நிற்பதில்லை. தாசில்தாரும் ஸ்டேஷனும் பின்னால் நிற்பதால்தான் நிற்கிறது. ஷெல்லி தீர்ப்பில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அந்த வழக்கில் மத்திய அரசு கறுப்பர் பக்கம் நின்று மனுப் போட்டது. அதே அரசின் வீட்டு நிர்வாகமோ, தீர்ப்பு வந்தும் ஏறக்குறைய இரண்டு வருஷம் அசையவில்லை. 1950 பிப்ரவரி 15க்குப் பிறகு பதிவாகும் தடை ஷரத்துள்ள வீடுகளுக்குத்தான் காப்பீடு இல்லை என்றது. பழசெல்லாம் பழசுதான்.

வெள்ளையர்கள் அடுத்த சந்தைக் கண்டுபிடித்தார்கள். கறுப்பரை வெளியேற்றத்தானே முடியாது? விற்ற வெள்ளைக்காரன்மீது நஷ்டஈடு கேட்போம். லாஸ் ஏஞ்சல்ஸில் லியோலா ஜாக்சன் என்ற பெண்மணிமீது அண்டை வீட்டார் அப்படிப் போட்டார்கள். 1953ல் அதையும் கோர்ட்டு தள்ளியது. லோரன் மில்லர்தான் இதற்கும் வக்கீல். ஒரே ஒரு நீதிபதி மாற்றுத் தீர்ப்பு எழுதினார். 1948 தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வின்சன்! எல்லாம் சரி, மறுபடியும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1917ல் புக்கானன், 1953ல் ஜாக்சன். கறுப்பருக்கு விற்கத் தயாரான ஒரு வெள்ளைக்காரர் இருந்தால்தான் இந்தக் கதவெல்லாம் திறந்தது. விற்க மாட்டேன் என்கிறவன் முன்னால், வாடகைக்குத் தர மாட்டேன் என்கிறவன் முன்னால், இந்தத் தீர்ப்புகளுக்கு வாயில்லை.

நியூயார்க்கில் அது வெட்டவெளிச்சமாயிற்று. மெட்ரோபாலிடன் இன்சூரன்ஸ் கம்பெனி ஸ்டைவசன்ட் டவுன் என்று இருபதாயிரம் பேருக்குமேல் குடியிருக்கிற ஒரு வாடகை நகரத்தையே கட்டியது. நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுத்தது மாநகராட்சி. வரிச்சலுகை கொடுத்ததும் மாநகராட்சி. கறுப்பருக்கு மட்டும் வீடு கிடையாது. கறுப்பரும் வெள்ளையரும் கலக்க மாட்டார்கள் என்று கம்பெனித் தலைவர் வெளிப்படையாகவே சொன்னவர். 1949ல் மாநில உயர்ந்த கோர்ட்டு நாலுக்கு மூன்று என்று, இது தனியார் காரியம் என்று தீர்த்தது. சுப்ரீம் கோர்ட் அதை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. தெருவை இடிக்கப் புல்டோசர் அரசாங்கத்தினுடையது, வாடகை ரசீது தனியாருடையது. வீட்டைச் சொந்தமாக வாங்கப் பணம் இருந்த கறுப்பருக்கு 1948ல் கதவு கொஞ்சம் திறந்தது. வாடகைக்கு வந்த கறுப்பர் தெருவிலேயே நின்றார்.

இந்தப் பூட்டை உடைத்தது 1968. ஏப்ரல் 4ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார், நகரங்கள் எரிந்தன, ஏப்ரல் 11ல் வீட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. வருஷக்கணக்கில் காங்கிரஸில் இழுத்தடித்த மசோதா ஒரு வாரத்தில் நடந்தது. ஜூன் 17ல் சுப்ரீம் கோர்ட் ஜோன்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சென்ட் லூயிஸ் பக்கத்தில் வீடு கட்டி விற்கும் கம்பெனி ஒன்று, கணவர் கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் ஒரு தம்பதிக்கு வீடு தர மறுத்திருந்தது. கோர்ட்டு 1866ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. அடிமைகள் விடுதலையான கையோடு போட்ட சட்டம்: சொத்து வாங்க, விற்க, குத்தகைக்கு எடுக்க வெள்ளையருக்கு உள்ள உரிமை எல்லோருக்கும் உண்டு. அது அரசாங்கத்தை மட்டுமல்ல, தனி ஆளையும் கட்டும் என்று ஏழு பேர் சொன்னார்கள். நிறத்துக்காக வீடு மறுப்பது அடிமைத்தனத்தின் மிச்சம் என்றும் சொன்னார்கள். 102 வருஷம் அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. புக்கானன் வழக்கு நடந்தபோதும் இருந்தது, கோரிகன் வழக்கு நடந்தபோதும் இருந்தது. சட்டம் இல்லாததால் கறுப்பர் தெருவில் நிற்கவில்லை.

ஏழைக் கறுப்பரின் கதை தனி. சிகாகோ வீட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடிகளை எல்லாம் கறுப்பர் பகுதியிலேயே கட்டியது. வெள்ளையர் வார்டில் இடம் பார்த்தால் கவுன்சிலர் வேண்டாம் என்றால் போதும். 1966ல் டொரத்தி கோட்ரோ என்ற குடியிருப்பாளர் முன்நின்று வழக்குப் போட்டார். 1968ல் இறந்துபோனார். அவர் பேரில் 1969ல் தீர்ப்பு வந்தது. வாரியம் என்ன செய்தது? வெள்ளையர் பகுதியில் கட்டு என்றால் எங்குமே கட்ட மாட்டேன் என்று வருஷக்கணக்கில் சும்மா இருந்தது. வழக்கை முடிக்கும் உடன்பாட்டைக் கோர்ட்டு ஏற்றது 2019ல்.

கடைசியாக ரிச்மண்ட் வழக்கு. நம்ம பிள்ளைகளுக்கு, முக்கியமாக நகரத்தில் வாடகை வீடு தேடி அலைகிற மாணவர்களுக்கு, மற்ற எல்லாத் தீர்ப்பையும்விட இது உபயோகப்படும் என்று நினைக்கிறேன். வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்தை ஒட்டி ஒரு கம்பெனிக்கு இரண்டு வாடகைக் குடியிருப்புகள் இருந்தன. வீட்டுரிமை அமைப்பொன்று இரண்டு பேரை அனுப்பியது. ஒரு கறுப்புப் பெண், ஒரு வெள்ளை ஆண். இருவருக்குமே வீடு தேவையில்லை. சோதித்துப் பார்க்கத்தான் போனார்கள். 1978 மார்ச் 14, 21, 23 என்று மூன்று தேதிகள். ஒவ்வொரு தேதியிலும் அந்தப் பெண்ணிடம் காலி இல்லை என்றார்கள். அதே நாளில் வந்த வெள்ளைக்காரரிடம் காலி இருக்கிறது என்றார்கள். கம்பெனி வாதம் நமக்குத் தெரிந்ததுதான்: வீடே வேண்டாத ஆளுக்கு என்ன நஷ்டம்?

1982 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகச் சொன்னது: பொய் சொன்னதுதான் நஷ்டம். வீடு காலியா இல்லையா என்பதற்கு உண்மையான பதில் பெறும் உரிமையை 1968 சட்டம் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. நிறத்தைப் பார்த்து அதை மறைத்தால், வாங்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு வழக்குப் போட உரிமை உண்டு. அந்த வெள்ளைக்காரருக்கு இந்த உரிமை கிடையாது என்றும் சொன்னார்கள், அவரிடம்தான் யாரும் பொய் சொல்லவில்லையே! 1917ல் விற்பவனின் சொத்து கண்ணில் பட்ட கோர்ட்டுக்கு, சொத்தும் இல்லாமல், வாங்கும் உத்தேசமும் இல்லாமல் வாசலில் நின்ற ஒரு கறுப்புப் பெண் கண்ணில் பட 65 வருஷம் ஆகியிருக்கிறது.

இங்கே 'வெஜிடேரியன்களுக்கு மட்டும்' என்று டு-லெட் போர்டு தொங்குகிறது. போனில் காலி என்கிறார்கள், ஊர் பேரும் தெருப் பேரும் கேட்டபிறகு 'இப்பதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்' என்கிறார்கள். 1955 சட்டம், 1976 முதல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறிய அதே சட்டம், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடை போடுவதை நாலாவது பிரிவில் குற்றம் என்கிறது. பன்னிரண்டாவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது: அந்தக் குற்றச் செயல் அட்டவணைச் சாதி ஆளுக்கு எதிராக நடந்தால், தீண்டாமையால்தான் நடந்தது என்று கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பாடு. ஆக, நாம் காட்ட வேண்டியது வீடு அன்றைக்குக் காலியாகத்தான் இருந்தது என்பதை. ரிச்மண்டில் அதற்கு இரண்டு ஆட்கள் போதுமானதாக இருந்தது. ஒரே நாள், ஒரே வாசல். என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று தேதி போட்டு எழுதிய ஒரு குறிப்பு.